மை பூசாத ஏடுகள்

"பிள்ளைகளுக்கு ஒன்றைக் கொடுப்பதற்கு முன்னால், கொடுக்கிறவன்..." என்று பழைய அமைச்சர் ஏதோ சொல்வார். மீதி என்னவென்று சிற்றம்பலனாருக்கு நினைவு வரவில்லை. நிதானமாக யோசிக்கும் நிலையிலும் அவர் இல்லை. அரண்மனைப் படிகளில் அவர் ஏறிய வேகத்தைப் பார்த்த காவலன் வணங்கக்கூட மறந்து ஒதுங்கி நின்றான்.

வெகு காலத்துக்கு முன்னே, பொன்னாற்று நாட்டை மழவராயர் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்கு வைரம் கொடுப்பார், மாலையில் அவனையே சிறையில் போடுவார். சிற்றம்பலனார் அவருடைய அமைச்சர். அரசருக்கு அமிர்தவல்லி என்று முன்பல் விழுந்த ஒரு மகள். அரண்மனைப் பள்ளியில் ஒரு மரப்பெட்டி நிறையக் கதைச் சுவடிகள் உண்டு. ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவற்றைப் படிப்பாள். முந்தாநாள் படித்த சூட்டோடு தகப்பனாரிடம் வந்து, "அப்பா, கதையில வர்ற ராஜாகிட்ட எல்லாரும் ஒரே பதிலையே சொல்றாங்க. ஏன்னு ஆந்தை கேக்குது. உங்ககிட்டயும் அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டாள்.

அரசர் முகம் கறுத்தது. பக்கத்தில் நின்ற ஆஸ்தானப் புலவர் மங்களநாதருக்கு இதைவிட நல்ல நேரம் எப்போது வாய்க்கும்? பள்ளி அமைச்சரின் பொறுப்பில் இருப்பதே அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். கண்ட கதையையும் படிக்கவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று தூபம் போட்டார். இனிப் பிள்ளைகள் படிக்கத் தகுந்த நூல் தாம் எழுதிச் சபையில் எல்லோருக்கும் பரிசளித்திருந்த 'இராஜபக்திக் கற்பகம்' ஒன்றுதான் என்றார். படித்து உருகினோம் என்று சபையே தலையாட்டியது. தாமும் அதைப் படித்து உருகியதாக அரசர் சொன்னார். நாளை ஆடிப் பதினெட்டு. செல்லரித்த ஏடுகளை ஆற்றின் புதுவெள்ளத்தில் விடுவது அந்நாட்டு வழக்கம். அவற்றோடு கதைப்பெட்டியையும் விட்டுவிடுவதென்று முடிவாயிற்று.

சிற்றம்பலனார் கற்பகத்தைப் படித்திருந்தார். அதனால்தான் அவ்வளவு கோபம். சிரிக்காதே, ஓடாதே, கேள்வி கேட்காதே என்று பக்கம் பக்கமாக அதட்டல். அது முடிந்தால் அரசரின் மீசைக்குத் தனியாக ஒரு படலம். இதைப் படித்த எவனும் ஒரு குழந்தையின் கையில் கொடுப்பானா என்று வீட்டில் பொருமிக்கொண்டிருந்தவருக்குத் தம் விரல்நுனியில் ஒட்டியிருந்த கரி கண்ணில் பட்டது. சட்டென்று எழுந்து அரண்மனைக்குக் கிளம்பினார்.

எழுத்தாணியால் ஓலையில் எழுதினால் வெறும் கீறல்தான் விழும். விளக்குக்கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துப் பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். புது நூலைப் பரிசளிப்பவர் மை பூசாமல்தான் கொடுப்பார். பெற்றவர் தம் கையாலேயே பூசிப் படிக்க வேண்டும். அது அந்தச் சபையின் மரியாதை.

சபைக்குள் நுழைந்ததும் அமைச்சர் குரலைத் தேனாக்கிக்கொண்டார். புலவரின் நூலை நாளை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடவேண்டும் என்றும், அதற்குப் புதுப்பிரதி வேண்டாம், படித்து உருகியவர்களின் பிரதிகளே பெருமை என்றும் அரசரிடம் சொன்னார். மங்களநாதர் பூரித்துப்போனார்.

"அமைச்சருக்கு இப்போதாவது புத்தி தெளிந்ததே."

"தெளிந்துகொண்டே வருகிறது, புலவரே."

வீடுகளுக்கு ஆள் போயிற்று. காத்திருந்த நேரத்தில், நூலில் எந்த இடம் பிடித்தது என்று சேனாபதி வீரணரிடம் அமைச்சர் விசாரித்தார். எதைச் சொல்ல, எதை விட என்று வீரணர் கண்ணை மூடிக்கொண்டார். வாளைக் கீழே வைத்தால் கற்பகத்தைத்தான் கையில் எடுப்பாராம்.

பட்டுறையோடு பிரதிகள் வந்து குவிந்தன. அமைச்சர் சேனாபதியின் சுவடியைப் பிரித்து ஓர் ஏட்டை உயர்த்திக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கொஞ்சம் படித்துக் காட்டுங்கள், சேனாபதியாரே."

வீரணர் ஏட்டை ஜன்னல் பக்கம் சாய்த்தார், திருப்பினார், கண்ணைக் கசக்கினார். இரண்டு நாளாகக் கண்ணில் நீர் வடிகிறது என்றார். அரண்மனை வைத்தியர் தரையைப் பார்த்தார். ஒவ்வொரு சுவடியாகப் பிரிந்தது. எல்லாம் வெள்ளை. சிலவற்றில் புலவர் போட்ட முடிச்சுகூட அப்படியே இருந்தது.

கடைசியாக அரசரின் பிரதி பொன்தட்டில் வந்தது. அமைச்சர் அதைப் பிரிக்கவில்லை. எடுத்து அரசர் கையில் வைத்துவிட்டு, கதைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் திறந்தார். உள்ளே இருந்த ஏடுகள் கையெண்ணெய் ஏறிக் கறுத்திருந்தன. ஓரங்கள் நைந்திருந்தன. புளிக்கறை வேறு. ஒன்றில் ஒரு மூலையை யாரோ கடித்திருந்தார்கள்.

"அத்தனையும் விஷம், மகாராஜா" என்றார் மங்களநாதர்.

"எந்தச் சுவடியில் இருக்கிறது விஷம்? எடுத்துக் காட்டும். ஒன்றையாவது பிரித்துப் பார்த்தீரா?" என்று கேட்டார் அமைச்சர்.

மங்களநாதர் பெட்டியை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

இனிப் பொறுக்க அமைச்சரால் முடியவில்லை. "அரசே, என் தலை போனாலும் போகட்டும். தம்முடைய நூலை யாரும் தொடவில்லை என்பதே இவருக்குத் தெரியாது. தொடாத நூலை இவர்கள் தேன் என்கிறார்கள். அந்தத் தேனைத் தங்கள் நாக்கில்கூட வைத்துப் பார்க்காமல் பிள்ளைகள் வாயில் ஊற்றச் சொல்கிறார்கள். இந்தப் பெட்டியில் இருப்பது பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்துத் தேய்த்தது. ஆற்றில் விட வேண்டியது எதுவென்று தாங்களே சொல்லுங்கள்."

அரசருக்கு ஆத்திரம் பொங்கியது. சேனாபதியை நோக்கிக் கையை ஓங்கினார். ஓங்கிய கையில் அவருடைய சுவடி இருந்தது. கை மெல்லத் தாழ்ந்தது. முடிச்சை அவரே அவிழ்த்தார்.

வெள்ளை.

அரசர் அதைச் சேனாபதியின் சுவடியோடு சேர்த்து வைத்தார். பிறகு தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். அப்போதும் அமைச்சரின் முகத்தில் கடுகடுப்பு குறையவில்லை.

விளக்குக்கரியும் கோவையிலையும் கொண்டுவரச் சொன்னார் அரசர். அத்தனை பிரதிகளுக்கும் மங்களநாதரே மை பூச வேண்டும், தாம் உட்பட எல்லோரும் கற்பகத்தைக் கடைசி ஏடுவரை படிக்காமல் சபை கலையக் கூடாது, தாம் படிக்காத நூலைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கும் உரிமை இனி இந்நாட்டில் அரசனுக்கும் கிடையாது, பெட்டி இப்போதே பள்ளிக்குத் திரும்பட்டும் என்று ஆணையிட்டார்.