கேட்டுச் சொல்கிறேன்

ஞானதிரவியம் தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வயது ஐம்பத்து நான்கு. அவருடைய வழிகாட்டி பேராசிரியை செண்பகவல்லிக்கு நாற்பத்தொன்று. இருந்தாலும் செண்பகவல்லி உட்காரச் சொன்னால்தான் ஞானதிரவியம் உட்காருவார்.

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு. நான்கு வருடத்தில் ஓர் இயலைக்கூட எழுதி முடிக்கவில்லை. ஆனால் மடிக்கணினியில் இரண்டாயிரத்து முந்நூறு குறிப்புகள் இருந்தன. நேர்காணல், கட்டுரை, அரசு அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வைத்து, ஒன்றோடு ஒன்றை இணைத்து, வண்ணம் கொடுத்து அடுக்கியிருந்தார். செண்பகவல்லியும் தன் கணினியில் அவற்றைத் திறந்து கருத்து எழுதலாம். குறிப்பெடுக்கும் சாஃப்ட்வேரை இதற்குள் மூன்று முறை மாற்றியாயிற்று. துறையில் மற்ற ஆய்வாளர்கள் அவரிடம் வந்துதான் அதெல்லாம் கற்றுக்கொண்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் மடிக்கணினியோடு செண்பகவல்லியின் அறைக்கு வந்தார்.

“மேடம், புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கு. நாம ஒரு குறிப்பு எழுதினா, அதோட சேர வேண்டியதையெல்லாம் அதுவே தேடிக் கொண்டுவந்து வைக்குது. அதுக்கு மாறிடலாமா?”

“இப்ப இருக்கறதுல என்ன குறை?”

“குறைன்னு இல்ல. எதுவும் கைநழுவிப் போயிடக் கூடாதில்லையா.”

 “இசக்கியம்மாள்னு தேடுங்க சார்” என்றார் செண்பகவல்லி.

அடித்த மறுநொடி குறிப்பு வந்து நின்றது.

“சத்தமா வாசிங்க.”

ஞானதிரவியம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இசக்கியம்மாள். வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடமாக உப்பு வாரும் வேலை. ஆறு மாதமாக வலது கண்ணில் புகை மூட்டம். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரிகிறதாம். அடிக்கடி தலைவலி. யாரிடம் காட்டுவது, எங்கே போவது என்று தெரியவில்லை, விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.”

அடுத்த வரியில் அவர் குரல் இறங்கியது.

“கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.”



“தேதி?”

ஞானதிரவியம் மனதுக்குள் எண்ணினார். “பத்தொன்பது மாசம் ஆச்சு மேடம்.”

“கேட்டுச் சொன்னீங்களா?”

அவர் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. அந்தக் குறிப்போடு இணைத்திருந்த கட்டுரை ஒன்று திரையின் ஓரத்தில் திறந்து கிடந்தது. இந்த அறிகுறிகள் தெரிந்ததும் சிகிச்சை பெறாவிட்டால் போன பார்வை திரும்பாது என்று அதில் ஒரு வாக்கியம். அவரே அதற்கு மஞ்சள் பூசியிருந்தார். இரண்டையும் இணைத்ததும் அவரே. இணைத்த அன்று, பொருத்தமாக ஒன்று அகப்பட்டதே என்று சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் வந்தது.

“கீழே இன்னொரு வரி இருக்கே” என்றார் செண்பகவல்லி.

“அது உங்க குறிப்பு மேடம்.”

“அதையும் வாசிங்க.”

வேறு வழியில்லாமல் வாசித்தார்.

“மிக நல்ல தரவு. இரண்டாம் இயலில் சேர்க்கவும்.”

“நேத்து சாயங்காலம் இதைத் திரும்பப் பார்த்தேன். அப்பதான் உறைச்சுது” என்றார் செண்பகவல்லி. “காலையில கண் டாக்டர்கிட்ட பேசிட்டேன். அரசு ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வீடு உங்களுக்குத்தான் தெரியும்.”

ஞானதிரவியம் மடிக்கணினியை மூடக்கூட இல்லை. அப்படியே எழுந்து போனார்.

உப்பளத்தில் வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்றிருந்த இசக்கியம்மாளின் வலது பக்கமாகப் போய் நின்றார். அந்த அம்மாள் பார்க்கவில்லை. கூப்பிட்ட பிறகு முகத்தை முழுக்கத் திருப்பி, இடது கண்ணால் பார்த்தாள்.

“அண்ணாச்சியா? கேட்டுட்டு வந்தீயளா?”

இசக்கியம்மாள் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பெரிய படிப்பு படிக்கிறவிய, நாலு எடத்துல விசாரிச்சுத்தான வருவியன்னு இருந்தேன். வேற யாருட்டயும் கேக்கல.”

அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார் ஞானதிரவியம். இசக்கியம்மாள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கண்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“கண் அழுத்த நோய். வலது கண்ணுக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. விடாம மருந்து போட்டா அதைக் காப்பாத்திடலாம். ஏம்மா, ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?”

“எங்களுக்கு என்ன தெரியும் டாக்டரம்மா” என்றாள் இசக்கியம்மாள். “இந்த அண்ணாச்சி இருந்ததால இன்னைக்காவது வந்தேன். அவிய மட்டும் இல்லேன்னா இந்தக் கண்ணும் போயிருக்கும்.”

டாக்டர் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். ஞானதிரவியம் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

புதன்கிழமை அவர் மறுபடியும் துறைக்கு வந்தார். செண்பகவல்லி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நடந்ததையெல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தார். செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்த முகத்தில் கண் சிவந்திருந்தது.

“மேடம், நான் ஆராய்ச்சியை விட்டுடறேன்.”

“விட்டா?”

 “நேத்து முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து தேடினேன்” என்றார். “கேட்டுச் சொல்கிறேன்னு நான் எழுதி வச்ச குறிப்பு மொத்தம் இருபத்தேழு. இந்த அம்மாவை விட்டா இருபத்தாறு.”

“என்னென்ன?”

“ஒருத்தர் மகளோட காலேஜ் உதவித்தொகை. ஒருத்தர் விதவைப் பென்ஷன் மனு. வெளியூர் வேலைக்குப் போன பையன்கிட்ட இருந்து ஒரு தகவலும் இல்லன்னு ஓர் அம்மா...”

மேஜைமேல் திங்கட்கிழமையிலிருந்து கிடந்த தன் மடிக்கணினியை இழுத்துத் திறந்தார்.

“இருபத்தாறையும் ஒரு பட்டியலாப் போட்டுடறேன் மேடம். அவசரம் வாரியா பிரிச்சு, ஊர் வாரியா...”

செண்பகவல்லி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார்.

“அந்தப் பையனோட அம்மா வீட்டுக்கு எந்த பஸ் சார்?”