ராஜாவின் கல்மீனும் விடங்கரின் மீசையும்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். சங்குமுனை ராஜா நீலவண்ணருக்கும் கடலுக்கும் ஆகவே ஆகாது.

ராஜாவின் பாட்டனார் கடலோரத் தண்ணீரில் ஒரு கல்லை நட்டு, அதில் மீன் ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தார். மாசி மகத்தன்று ராஜா கடலாடும்போது, தண்ணீர் அந்த மீனின் வாய்க்கு மேலே ஏறக்கூடாது. ஏறினால் கடல் ராஜாவை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

சில வருடங்கள் கடல் உள்வாங்கும். கல்மீன் வெயிலில் கருவாடாய்க் காயும். அப்போதெல்லாம் தளபதி இடிமுழக்கராயர் வாளை உருவி, "விரட்டிவிட்டேன் பாருங்கள்!" என்று பரிசு வாங்கிக்கொள்வார்.

இப்போதோ சில வருடங்களாகக் கடல் ஏறிக்கொண்டே வந்தது. மீன் முழுகிவிட்டது. அரண்மனை மடைப்பள்ளிக் கிணற்றிலும் உப்பு. ஒருநாள் பாயசமே கரித்தது. ராஜா சபையில் குதித்தார்.

"ராயரே, விரட்டும் உம் கடலை!"

ராயர் நழுவினார். "மகாராஜா, நம் விகடகவி தில்லைவிடங்கர் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். அதைப் பார்த்துத்தான் கடலுக்குப் பயம் விட்டுப்போச்சு. அவரே கடலைக் கீழே இறக்கட்டும்!"

"சரி. விடங்கரே, மாசி மகத்தன்று மீனின் வாய் வெளியே தெரியணும். இல்லாவிட்டால் உம் மீசையை ராயர் வழிப்பார்."

 அந்த மீசை சாமானியமா? முனைக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நிற்கும். அதைப் பொத்திக்கொண்டே விடங்கர் கடற்கரைக்கு ஓடினார். கல்லை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். மீனின் தலைக்கு ஒரு முழம் மேலே, பழைய சிப்பிகள் ஒட்டிக் காய்ந்த தடம் இருந்தது.

"அட, இந்தக் கடல் பாட்டனாரையும் மதிக்கலையா!" என்று சிரித்தார். செம்படவர்களைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னார்.

மாசி மகம் வந்தது. ராயர் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார். ராஜா தண்ணீரில் இறங்கினார். மீனின் வாய் அலையை முத்தமிட்டபடி வெளியே தெரிந்தது!

பெரிய அலை ஒன்று எழுந்தது. மீனும் எழுந்தது. அலை இறங்கியது. மீனும் இறங்கியது.

"என்னய்யா, கல் நீந்துது!" என்று ராஜா விடங்கரைப் பார்த்தார்.

"கடல் நம் பேச்சைக் கேட்காது, மகாராஜா. தூரத்துக் கடலில் வெயிலும் காற்றும் கூட்டுச் சேர்ந்தால் தண்ணீர் உப்பி, இந்தப் பக்கம் ஏறிவிடும். அவர்கள் பிரிந்தால் இறங்கும். ஒரு சுற்றுக்கே எத்தனையோ வருடம் ஆகும். ராயர் வாளை எடுத்தபோது அது தானாக இறங்கிக்கொண்டிருந்தது. கல்லில் சிப்பித் தடத்தைப் பாருங்கள், உங்கள் பாட்டனார் காலத்திலேயே ஏறியிருக்கிறது."

"அப்போ நீர் என்னதான் செய்தீர்?"

"கல்லைப் பெயர்த்துக் கட்டுமரங்களின் மேல் கட்டினேன். பாவம், மீனைப் போய் யாராவது நட்டு வைப்பார்களா? அவிழ்த்துவிட்டேன்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கடல்தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது. "நம் பாயசமேதான்!" என்று துப்பினார். மடைப்பள்ளியை மேட்டுக்கு மாற்றச் சொன்னார். விடங்கரின் மீசைக்குத் தங்கச் சீப்பு கொடுத்தார். 'கடல்விரட்டி' ராயரை அந்தக் கட்டுமரத்திலேயே காவலுக்கு ஏற்றினார். கடல் ஏறினால் அவரும் ஏறுவார், இறங்கினால் அவரும் இறங்குவார்.

ராயரின் வம்சம் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டால், ஏதோ நண்டு சொன்னது என்று சொல்லிவிடுங்கள். எனக்கும் மீசை இருக்கிறது.