நாலாவது சரி

"ஏதாவது வழி சொல்லும்மா. சோறு தொண்டைக்குக் கீழ இறங்கல."

கேட்டவர் சிதம்பரதாணு. வடசேரியில் தனியாக இருக்கிறார். முறுக்கிக்கொண்ட புருஷன் பெண்டாட்டிகளை உட்கார வைத்துப் பேசி, சேர்த்து அனுப்புவது அவர் வேலை. அவர்கள் அழுதுகொண்டு சொன்னதெல்லாம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். ஒரு வரி வெளியே போனாலும் ஒரு வீடு இரண்டாகும். யாராவது திருடிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

ஜெசிந்தா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி. அவரைவிட இருபது வயது சின்னவள். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தாணு கம்ப்யூட்டர் பெட்டியை மாடியிலிருந்த அவள் கடைவரை சுமந்து வந்திருந்தார்.

"என்னென்ன போட்டிருக்கீங்க சார்?"

"வைரஸ் தடுக்க ஒண்ணுக்கு ரெண்டு. இருபத்தாறு எழுத்துல பாஸ்வேர்டு. கேமராமேல பிளாஸ்திரி. அறைக்குத் திண்டுக்கல் பூட்டு. திருஷ்டிக்கு இந்தப் பெட்டிமேல எலுமிச்சம்பழம்."

"பழம் காஞ்சிருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். ஒயரை மாட்டிப் பெட்டியை ஓட விட்டாள். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. தமிழில் நாலு வரி. கீழே இரண்டு பொத்தான்: 'சரி', 'வேண்டாம்'.

தாணுவின் விரல் 'சரி'யை அமுக்கிவிட்டது.

"என்ன கேட்டுச்சு?"

"தெரியலம்மா. தினமும் வரும். காதுல விழுந்துச்சுன்னு ஒரு சரி. என்கிட்ட வர்றவங்களுக்கும் அப்படித்தான். சரி, சரின்னாதான் அவங்க மேல பேசுவாங்க."

ஜெசிந்தா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைத்தாள். இதற்கா இத்தனை படி ஏறினோம் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. பயம் மட்டும் குறையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபேனைப் போடறேன்."

"சரி."

"டீ சொல்லியிருக்கேன்."

"சரிம்மா."

"டீ கொண்டு வர்றவர் நல்லா வாசிப்பார். உங்க நூத்திப் பன்னெண்டு குடும்பத்தையும் அவருக்குத் திறந்து காட்டிடறேன்."

"சரிம்மா."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டம்ளர்கள் உரசிக்கொண்டன.

தாணு திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இப்ப என்ன சொன்ன?"

"நீங்கதான் சரின்னீங்க."

"அது... கேட்டுக்கிட்டேன்னு சொன்னது."

"டீக்காரருக்கு அது தெரியுமா சார்?"

டீ வந்தது. டீக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, திரைப்பக்கம் பார்க்காமலே இறங்கிப் போனார். அந்தச் செருப்புச் சத்தம் அடங்கும்வரை தாணு மூச்சுவிடவில்லை.

திரையில் மறுபடியும் கட்டம் வந்து நின்றது. விரல் தன்பாட்டுக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

சட்டைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தார்.

"உங்கள்... ஆவணங்கள் அனைத்தையும்... படிக்கவும்... வெளியே அனுப்பவும்... அனுமதிக்கிறீர்களா?"

டீயில் ஆடை படிந்தது.

"ஜெசிந்தா... இதுக்கு நான் எத்தனை நாளா சரி சொல்லிட்டிருக்கேன்?"