நகக்கண்ணில் ஒரு ஏக்கர்

விளாத்திகுளம் பக்கம் ஆவுடைத்தாயின் மாவு மில்லில் கரண்டு போய் அரை மணி நேரமாகியிருந்தது. கம்பும் சோளமும் அரைக்க வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இருளப்பனுக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது.

எத்தியோப்பியாவில் ஆறு வருஷம் ரோடு ரோலர் ஓட்டிவிட்டு வந்தவன் அவன். வரும்போது அந்த நாட்டுத் தானியமான டெஃப்பில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, உளுந்து போடுகிற ஒரு ஏக்கரில் விதைத்தான். ஊரே சிரித்தது. விளைந்து டிரம்மில் கிடந்ததையெல்லாம் இன்று சாக்கில் கட்டி, மொபெட்டில் வைத்து வந்திருந்தான். மாவைக் காட்டி நாலு பேரையாவது அடுத்த பட்டத்துக்கு விதைக்கவைக்க வேண்டும். அவர்கள் சிரிப்பை நிறுத்தினால்தான் வீட்டில் பெண்டாட்டியும் நிறுத்துவாள்.

"விதை எவ்வளவு போட்ட மச்சான்?" என்றான் பக்கத்துக் காட்டுக்காரன் கோயில்பிச்சை.

"சுண்டுவிரல் நகக்கண்ணுல ஒட்டினது. ஒரு ஏக்கருக்கு அதுவே தாராளம்."

"பொட்டலம்னு சொன்னாங்க."

"பொட்டலம் இருந்துச்சு. விதைக்கிறப்ப ஒரு தும்மல் வந்துட்டு. அவ்வளவும் பறந்து எட்டயபுரத்துல போயி விழுந்துச்சு. அங்க எவனோ தான் விதைச்சதாச் சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

"உன் பயிரு சாஞ்சு கிடந்ததை நான் பாத்தேனே."

"சாயல மாப்ள, படுத்துச்சு. நின்னு வளந்தா கரண்டுக் கம்பியில இடிக்கும்னு நான்தான் படுக்கச் சொன்னேன். படுத்தபடியே வளந்து உன் காட்டுக்குள்ள வந்து, உன் உளுந்துக்குப் போர்வையா இருந்துச்சு."

"என் உளுந்து காஞ்சுபோச்சு."

"போர்வை இல்லேன்னா இன்னும் காஞ்சிருக்கும்."

ஆவுடைத்தாய் மெஷின் பெல்ட்டைத் துடைத்தபடியே, "குருவி வரலையா அண்ணாச்சி?" என்றாள்.

"ஒண்ணு வந்துச்சு தாயி. ரெண்டே மணிதான் தின்னுச்சு. அதுக்கப்புறம் பறக்க முடியல. டவுன் பஸ்ஸுலதான் திரும்பிப் போச்சு."

"டிக்கெட்டு?"

"அரை டிக்கெட்டு."

யாரோ சிரித்தார்கள். இருளப்பன் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அந்த நாட்டுல இதுல இன்ஜெரான்னு புளிச்ச தோசை சுடுவாங்க. போன வாரம் ஒரு பிடியை அம்மியில அரைச்சு ஊத்தினேன். கல்லைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, தெருவுக்குப் போயிட்டு. அன்னைக்குத் தெருவுல ஒரு கல்யாணம். மழை வந்து பந்தல் ஒழுகுது. தோசையை இழுத்து மேல போட்டேன். ஒரு சொட்டு இறங்கல. மழை விட்டதும் ஆளுக்கொரு பக்கமா பிச்சுத் தின்னு பந்தியையும் முடிச்சுட்டாங்க."

"இங்க மழை பேஞ்சு மூணு மாசமாச்சு," என்றான் கோயில்பிச்சை.

"அது பந்தல் மேல மட்டும்தான் பேஞ்சுது."

அப்போது கரண்டு வந்தது. "முதல்ல உங்களுதைக் கொண்டாங்க அண்ணாச்சி," என்றாள் ஆவுடைத்தாய்.

இருளப்பன் மொபெட்டுக்குப் போனான். சாக்கு ஈரத்துண்டு மாதிரித் தொங்கியது. வாயில் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. மணி அவ்வளவு பொடி. சாக்கு இழை வழியாகவே வழியெல்லாம் ஒழுகிப் போயிருந்தது. அடி மடிப்பில் ஒரு கைப்பிடி மிச்சம். மூன்று மாசப் பாடு. எல்லாரும் எழுந்துவந்து பின்னால் நின்றார்கள்.

சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினான்.

"நல்லதாப் போச்சு. நாலு மைலுக்கு விதைச்சுக்கிட்டே வந்திருக்கேன். பாத்துக்கிட்டே இருங்க, பஸ்ஸுல உக்காந்தபடியே கையை நீட்டி அறுக்கலாம்."

ஆவுடைத்தாய் உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"போயி ரோட்டைக் கூட்டுங்க அண்ணாச்சி. ஊரைக் கூட்டினது போதும்."