ஞானதிரவியம் தையல்

கணினித் திரையைப் பார்த்ததும் டாக்டர் ஞானதிரவியத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

கணையத்தில் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்த பிறகு, மிச்சக் கணையத்தைக் குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும். ஊசி பட்டாலே கிழிகிற சதை. அங்கே கசிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அந்தக் கசிவை நிறுத்தத்தான் அவர் ஒரு புதுத் தையல் கண்டுபிடித்தார். மாநாட்டில் கைதட்டல் வாங்கினார். 'ஞானதிரவியம் தையல்' என்று பேரே வைத்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு என்று வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு இன்றைக்கு வந்திருக்கிறது.

கசிவு ரெண்டிலும் ஒரே அளவுதான். புதுசில் நோயாளி மயக்கத்தில் கிடக்கிற நேரம் கூடியதுதான் மிச்சம்.

துறைத்தலைவி டாக்டர் ரஹ்மத்துன்னிசாவின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனார். வயதில் அந்தம்மா இவரைவிடச் சின்னவர். ஆனாலும், சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்த இவருக்கு ஆராய்ச்சியின் ஆனா ஆவன்னாவைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"மேடம், இந்த முடிவை நான் கட்டுரையா எழுதப் போறதில்ல."

"ஏன்?"

"தோத்துப்போனதை எழுதி யாருக்கு என்ன லாபம்? நீங்களே சொல்லுங்க."

ரஹ்மத்துன்னிசா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சரி, அடுத்த மாநாடு முடியட்டும், எழுதறேன்" என்று ஒரு படி இறங்கினார் ஞானதிரவியம். அந்தம்மா டீயில் ஒரு வாய் குடித்தார். "எங்கயாவது ஓரமா ரெண்டு வரி போட்டுடறேன். இதுக்கு மேல இறங்க மாட்டேன்."

அந்தம்மா இன்னொரு வாய் குடித்தார். இவருக்குப் பொறுக்கவில்லை.

"குடல் புற்றுநோயில ஆரம்பிச்சு நீங்க எழுதின ஆராய்ச்சியில பாதிக்கு முடிவு 'பயனில்லை'தான். வெளியில உங்களுக்கு என்ன பேர் தெரியுமா? 'பயனில்லை மேடம்'!"

"தெரியும். நல்லாத்தான் இருக்கு." டீயைக் குடித்து முடித்தார். "நாளைக்குக் காலையில மாரிக்கனிக்கு ஆபரேஷன். நீங்க செய்யுங்க. நான் கூட நிக்கிறேன்."

மாரிக்கனி அருப்புக்கோட்டையில் இட்லிக் கடை நடத்துகிறவர்; கணையத்தில் அதே புற்றுக்கட்டி. மறுநாள் மயக்க மருந்து கொடுக்குமுன், "வெளிய என் மக அழுதுக்கிட்டு நிப்பா. நல்லா ஒரு அதட்டு போடுங்க டாக்டரே" என்றார்.

கட்டியை எடுத்தாயிற்று. மிச்சக் கணையம் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஞானதிரவியம் நூலுக்குக் கையை நீட்டினார்.

"எந்தத் தையல்?" என்றார் எதிரே நின்ற ரஹ்மத்துன்னிசா.

"பழசுதான்."

"உங்க பேர்ல ஒண்ணு இருக்கே."

"அது நேரத்தைத் தின்னும், மேடம். கசிவும் குறையாது."

"யார் சொன்னா?"

நீட்டிய கையை ஞானதிரவியம் பின்னுக்கு இழுத்தார்.

"என் ஆராய்ச்சி."

"அப்ப மாரிக்கனிக்கு லாபம்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நாகர்கோவில்ல டாக்டர் சுயம்புலிங்கமும் இன்னிக்கு இதே ஆபரேஷன்தான் செய்யறாராம்."

ஞானதிரவியம் திரும்பினார். "சிஸ்டர், சுயம்புவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார். "அண்ணாச்சி! இப்பதான் தியேட்டருக்குள்ள நுழையுதேன். உங்க தையலத்தான்..."

"போடாதேயும்."

"என்ன அண்ணாச்சி?"

"அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல வே. பழசையே போடும். போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். மிச்சத்தச் சாயங்காலம் பேசுவோம்."

அந்தப் பக்கமிருந்து "நல்லவேளை, இப்பவே சொன்னிய" என்று குரல் வந்தது.

ஞானதிரவியம் முதல் தையலைப் போட்டார். சதை கிழியவில்லை.

"எழுதறேன், மேடம்."

"உங்க பேரைப் போட்டே எழுதுங்க. தலைப்புலயே இருக்கட்டும். நீங்க சொன்னாத்தான் அந்தத் தையலை விடுவாங்க."

நூல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சதை இவ்வளவு மெத்தென்று இருக்கிறவரை எந்தத் தையல் போட்டும் என்ன, முதலில் சதையை அல்லவா கவனிக்க வேண்டும் என்று ஞானதிரவியத்துக்குள் ஏதோ ஓடியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"என் பேர்ல இருந்தது அது ஒண்ணுதான்."

ரஹ்மத்துன்னிசா நூலை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.

"தையலைத்தானே விட்டீங்க? ஊசி கையிலதான இருக்கு."