வயல் நண்டுக்கு என்ன நிறம்?

முன்னொரு காலத்தில் தென்கரை நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டான். அவன் ஆண்டான் என்பதைவிட அவனுடைய ஆசைகள் ஆண்டன என்று சொல்வதுதான் சரி. காலையில் யானை வாங்கச் சொல்வான், மத்தியானமே அதை விற்கச் சொல்வான்.

ஒருநாள் சிம்மாசனத்துக்குப் பின்னால் தொங்கிய திரையைப் பார்த்து அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"மயில், தாமரை, அன்னம்! கண்ணே புளித்துவிட்டது. யாரும் பார்க்காத பூத்தையல் ஒன்று ஒரு மாதத்துக்குள் வேண்டும். செய்தவருக்குத் தையல்சாலைத் தலைமை. அடுத்தவர் வேலையைத் திருடிக் கொண்டுவந்தால் கட்டைவிரலை வெட்டுவேன்!"

பல்லக்குத் திரைகளுக்குப் பூப்போட்டுப் பிழைத்த அன்னக்கொடி இரவு பகல் பாராமல் தைத்தாள். மழை பெய்கிற நெல்வயல், வரப்பில் வளையை விட்டு எட்டிப் பார்க்கிற நண்டு. நண்டை எவர் அரண்மனைக்குள் விட்டார்கள்? அங்கேதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். ஆனால் எந்தத் துணியும் முதலில் உடைச்சாலை அதிகாரி சூரப்பனிடம் போகவேண்டும் என்பது விதி. சூரப்பனுக்குப் பொறாமை பொறுக்கவில்லை. துணியைப் பத்து நாள் தன்னிடம் வைத்துக்கொண்டு, நாலு தையற்காரர்களை உட்காரவைத்து அச்சு அசலாக இன்னொன்று தைத்துவிட்டான்.

சபையில் இரண்டு துணிகளும் விரிந்தன. இரண்டிலும் அதே மழை, அதே நண்டு.

"திருட்டு!" என்று அரியணையே அதிர எழுந்தான் ராஜா. "இருவரில் ஒருவருக்கு விரல் போகும்!"

"என் பதவியைப் பார்த்தாலே தெரியாதா மகாராஜா? பல்லக்குத் திரை தைக்கிறவளுக்கு இவ்வளவு மூளை ஏது?" என்றான் சூரப்பன்.

அன்னக்கொடி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். விரல் போனால் ஊசி போயிற்று. ஊசி போனால் சோறு போயிற்று.

மந்திரி மாசிலாமணி மெல்ல எழுந்தார். "மகாராஜா, உண்மையான கலைஞனின் கை தவறுமா? சூரப்பரே, இதைத் தைக்கையில் நூலிலோ நிறத்திலோ எத்தனை தடவை தவறினீர்?"

"ஒரு தடவைகூட இல்லை!" சூரப்பன் மார்பை நிமிர்த்தினான். "மனதில் உதித்தது, ஊசியில் இறங்கியது. மீனாட்சி அம்மன் மேல் ஆணை!"

"நீ சொல் அம்மா."

அன்னக்கொடி அழுதேவிட்டாள். "பதினோரு தடவை தப்புப் பண்ணேன் சாமி." நூல்கண்டுகளைச் சுற்றியிருந்த கந்தலைப் பிரித்து விரித்தாள். முதலில் தைத்துப் பார்த்த தப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. "கறுப்பு நூல்ல தைச்சேன், சிலந்தியாட்டம் ஆயிடுச்சு. சிவப்புல தைச்சேன், குழம்புல வெந்த நண்டு. அப்புறம்தான் சேத்து நிறம், காலுக்கு மட்டும் மஞ்சள் ஓரம். மழைக்குச் சரிகை போட்டேன், கல்யாணப் பந்தல் மாதிரி மினுக்கிச்சு. சங்கிலித் தையல் போட்டேன், மழை கயிறா முறுக்கிக்கிச்சு. கடைசியில சாம்பல் நிறப் பருத்தி, ஒத்தை இழை, விட்டு விட்டு ஓட்டுத் தையல். அப்பத்தான் தூறல் விழுந்துச்சு."

"பதினோரு தவறா!" என்று ராஜா உறுமினான். "கூப்பிடு வெட்டுகிறவனை!"

"ஒரு நிமிடம்," என்றார் மந்திரி. "இன்று இந்தத் தலைப்பாகைக்கு முன் எத்தனை கட்டிப் பார்த்தீர்கள் மகாராஜா?"

"ஏழு. அதற்கென்ன? பொருந்துகிறதைத் தேடவேண்டாமா?"

"தேடினவளிடம் கந்தல் இருக்கிறது. எடுத்தவரிடம் துணி மட்டும்தான் இருக்கிறது."

ராஜா கந்தலைப் பார்த்தான். வெந்த நண்டைப் பார்த்ததும் சிரிப்பு பீறிட்டது. சபையும் சிரித்தது. சூரப்பன் மட்டும் காலில் விழுந்தான்.

"உம் விரல் எனக்கெதற்கு? அதே விரலால் இந்தச் சபையில் உட்கார்ந்து ஒரு நண்டு தையும். தவறாத கையாயிற்றே, பார்ப்போம்!" என்றான் ராஜா. அன்னக்கொடி கட்டைவிரலை முந்தானைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அப்பாடா என்று வந்த மூச்சு மந்திரிக்கே கேட்டது.

"தலைமை உனக்கு. ஆனால் அந்தக் கந்தலைத்தான் அரியணைக்குப் பின்னால் மாட்டப்போகிறேன்," என்றான் ராஜா.

"அதை மட்டும் கேக்காதீங்க மகாராசா," என்று அவசரமாகச் சுருட்டினாள் அவள். "மூலையில இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு. அடுத்த வேலைக்குத் தப்புப் பண்ண நான் எங்க போவேன்?"