ஓடுகள் இல்லாத ஒரு சாண்

வடதுருவக் கடலில் கோடைச் சூரியன் மறைவதில்லை. மூடுபனிக்குள் பால்போலக் கரைந்து, எல்லாப் பொழுதையும் ஒரே பொழுதாக்கிவிடும்.

அந்தக் கடலில் நின்ற ஆய்வுக் கப்பலில், யோகாம்பிகையிடம் படித்துக்கொண்டிருந்தார் அருள்நேசன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்து, பத்து வருடம் தொழிற்சாலையில் மீன் வெட்டிய பிறகு படிக்க வந்தவர் அவர்.

கடலடிச் சேற்றை நீண்ட குழாயில் எடுப்பார்கள். அதில் மணலினும் சிறிய உயிர்களின் ஓடுகள் இருக்கும். கடுங்குளிரில் வாழ்ந்தவை இடப்பக்கம் சுருண்டிருக்கும். குளிர் தணிந்த நீரில் வாழ்ந்தவை வலப்பக்கம். அவற்றைப் பார்த்துப் பழைய கடலை அறிவது அவர் வேலை.

ஒருநாள் அவர் உருப்பெருக்கியை விட்டு எழுந்தார்.

"ரீச்சர், நடுவில ஒரு சாணுக்கு வெறும் களிமண். ஒரு ஓடுகூட இல்லை."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஒன்பது நாளாப் பாக்கிறன். குழாய் பழுது. நான் திரும்பி மீன் வெட்டப் போறன்."

அவள் மெல்லிய வலையொன்றை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனாள். அவரும் போனார்.

கப்பலின் ஒரு பக்கம் திறந்த கடல். அவள் நீட்டிய வலையை அவர் இறக்கித் தூக்கினார். பச்சைக் கூழாக உயிர்கள் வழிந்தன.

மறுபக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் உறைபனி. அதில் துளையிட்டு இறக்கினார். தெளிந்த தண்ணீர் மட்டும் சொட்டியது.

அவர் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வந்த புதிதில ஊருக்குக் கடிதம் போட்டனீரோ?" என்று கேட்டாள்.

"மூண்டு வருசம் போடேல்லை. விசா இல்லை. ஒளிச்சிருந்தனான்."

"அம்மா என்ன நினைச்சவ?"

அவர் வலையில் மிஞ்சிய தண்ணீரை உதறினார்.

"சனம் என்னைச் செத்துப்போனான் எண்டு சொன்னதாம். அம்மா நம்பேல்லை. 'என்ர பிள்ளை வாய் திறக்கேலாத இடத்தில நிக்கிறான்' எண்டு சொன்னவவாம்."

"ஆர் சொல்லி அவவுக்குத் தெரியும்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கடிதம் வரேல்லை, அவ்வளவுதான்."

மூடுபனி கப்பலைத் தொட்டு நகர்ந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தச் சாணுக்கு என்ன எழுதட்டும், ரீச்சர்?"

"கடல் மூடிக்கிடந்தது எண்டு எழுதும்."